வீடு வாங்க எந்த ஏரியா? சின்னப் பசங்க, வயசானவங்க இருக்குற குடும்பம், வழி சொல்லுங்க

ரெண்டுவால்_அம்மா (இழை தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். இத்தனை நாளா இங்க படிச்சிட்டு மட்டும் இருந்தேன், இப்ப நிஜமாவே முடிவு எடுக்க வேண்டிய கட்டம் வந்துடுச்சு, அதான் எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும் பொறுத்துக்கோங்க. நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போறோம். பொண்ணுக்கு ஏழு வயசு, பையனுக்கு மூணு. மாமியார் எங்க கூடத்தான் இருக்காங்க, முட்டி வலி உண்டு, ஆனா நாள் முழுக்க வீட்டுக்குள்ள அடைஞ்சு கிடக்கச் சொன்னா முடியாது, சாயங்காலம் ஒரு நடை வெளிய போயிட்டு நாலு பேர்கிட்ட பேசிட்டு வந்தாத்தான் அவங்களுக்கு நாள் முடிஞ்ச மாதிரி. லோன் ஓகே ஆகிடுச்சு, ரெண்டு இடம் பாத்து வெச்சிருக்கோம்.

ஒண்ணு, ஊருக்கு வெளி விளிம்புல புதுசா வந்த பெரிய கேட்டட் கம்யூனிட்டி. மூணு பெட்ரூம், நீச்சல் குளம், பசங்க விளையாட தனி இடம், செக்யூரிட்டி, எல்லாம் உண்டு. ஆனா கேட்டைத் தாண்டுனா ஹைவே தான், ஒரு நோட்டு பென்சில் வாங்கணும்னாலும் வண்டி எடுக்கணும். இன்னொண்ணு ஊருக்கு நடுவுல, பழைய ஏரியா, ரெண்டு பெட்ரூம், மூணாவது மாடி, லிஃப்ட் இருக்கு. ஸ்கூல், பார்க், கிளினிக், பஸ் ஸ்டாப் எல்லாம் நடந்து போற தூரம். ஆனா பில்டிங் மெயின் ரோட்டைப் பாத்த மாதிரி நிக்குது, சத்தமும் புகையும் ஜாஸ்தி. விலை ரெண்டுக்கும் கிட்டத்தட்ட ஒண்ணு தான். வீட்டுக்காரர் முதல் இடத்தைத்தான் சொல்றார். எனக்கு மனசு ஒப்பல, ஆனா ஏன்னு கேட்டா அவருக்கு நறுக்குனு ஒரு பதில் சொல்ல முடியல. இந்த மாதிரி முடிவு எடுத்தவங்க யாராவது இருந்தா சொல்லுங்க.

ஈஎம்ஐ_வாழ்க்கை

முதல் இடம் தான்மா, இதுல யோசிக்க என்ன இருக்கு. ரெண்டு குழந்தை ஒரு பெரியவங்க வெச்சுக்கிட்டு ரெண்டு பெட்ரூம்ல எப்படி சமாளிப்பீங்க? இன்னும் அஞ்சு வருஷத்துல பொண்ணு தனி ரூம் கேப்பா, பரீட்சைக்குப் படிக்கிற வயசு வந்துடும். பழைய பில்டிங்னா பைப் மாத்து, மொட்டைமாடி ஒழுகுது, லிஃப்ட் நின்னு போச்சுன்னு செலவு வந்துக்கிட்டே இருக்கும். புதுசுன்னா முதல் கொஞ்ச வருஷம் நிம்மதி. பசங்க உள்ளயே ஓடி ஆடுவாங்க, வண்டி பயம் கிடையாது.

நடராஜா_சர்வீஸ்

போக்குவரத்து திட்டமிடல் துறையில வேலை பாக்குறேன், அதனால இது எனக்குத் தெரிஞ்ச விஷயம். சகோதரி, உங்க மனசு ஒப்பாததுக்கு காரணம் இருக்கு, அதை நான் சொல்லிப் பாக்குறேன்.

டொனால்ட் ஆப்பிள்யார்டுனு ஒரு நகர வடிவமைப்புப் பேராசிரியர். 1960கள் கடைசில சான் ஃபிரான்சிஸ்கோவுல பக்கத்து பக்கத்துல இருக்குற மூணு தெருவை எடுத்து ஆராய்ச்சி பண்ணார். வீடுங்க ஏறக்குறைய ஒரே மாதிரி, வித்தியாசம் வண்டி எண்ணிக்கையில தான். ஒரு தெருவுல நாளைக்கு சுமார் 2,000 வண்டி, கடைசி தெருவுல சுமார் 16,000. வண்டி கம்மியா போற தெருவுல இருக்குறவங்களுக்கு அதே தெருவுல சராசரியா 3 நண்பர்கள். வண்டி நிறைஞ்ச தெருவுல 0.9, அதாவது ஒருத்தர் கூட முழுசா இல்ல. உங்க இடம்னு நீங்க நினைக்கிறது எதுவரைக்கும்னு படத்துல வரைஞ்சு காட்டச் சொன்னா, அமைதியான தெருக்காரங்க தெரு முழுக்க என்னோடதுன்னு வரைஞ்சாங்க, மெயின் ரோட்டுக்காரங்க தன் வாசலோட நிறுத்திட்டாங்க. (இத்தனை ஆராய்ச்சி பண்ண மனுஷன் 1982ல ஏதென்ஸ்ல வேகமா வந்த கார் மோதி இறந்தார், அதை நினைச்சா இப்பவும் மனசு கனக்கும்.)

அதனால நான் எல்லார்கிட்டயும் சொல்றது ஒண்ணே ஒண்ணு. நாம வாங்குறது ஏரியாவை இல்ல, தெருவை. ஒரே ஏரியா பேரு, ஒரே பின்கோடு, ஆனா ரெண்டு தெரு தள்ளிப் போனா குழந்தையோட வாழ்க்கையே வேற. உங்க ரெண்டாவது இடம் நல்ல ஏரியாவுல தப்பான தெரு. முதல் இடம், உள்ள நல்ல தெரு இருக்கு, வெளிய ஒண்ணுமே இல்ல. ரெண்டுல ஒண்ணுன்னு ஏன் முடிவு பண்றீங்க, அந்தப் பழைய ஏரியாவுலயே உள்தெருவுல தேடிப் பாத்தீங்களா?

ஈஎம்ஐ_வாழ்க்கை

உள்தெருன்னா பார்க்கிங் இருக்காது, தீயணைப்பு வண்டி திரும்ப முடியாது. சும்மா சொல்லக் கூடாது.

நடராஜா_சர்வீஸ்

தீயணைப்பு வண்டி கேள்வி நியாயமானது, தெருவோட அகலம் கண்டிப்பா பாக்கணும், ரெண்டு பக்கமும் வண்டி நிறுத்தி வெச்ச பிறகும் ஒரு பெரிய வண்டி நுழைய முடியுதான்னு பாக்கணும். நான் குறுகலான சந்தை வாங்குங்கன்னு சொல்லல, வண்டி மெதுவா போற தெருவை வாங்குங்கன்னு சொல்றேன்.

வேகம் ஏன் முக்கியம்னா, கணக்கு போட்டே பாத்துடலாம். காய்ஞ்ச ரோட்ல 30 கி.மீ. வேகத்துல வர்ற கார், டிரைவர் குழந்தையைப் பாத்து பிரேக் போட்டு நிக்க சுமார் 13 மீட்டர் ஆகும். அதே கார் 50ல வந்தா, பாத்து காலை பிரேக்குக்கு கொண்டு போறதுக்குள்ளயே அந்த 13 மீட்டர் முடிஞ்சுடும், நிக்க 28 மீட்டர் கிட்ட வேணும். அதாவது முதல் கார் நின்னுட்ட இடத்துல ரெண்டாவது கார் முழு வேகத்துல இருக்கு. இதனால தான் 2020ல ஸ்டாக்ஹோம்ல நடந்த உலக சாலைப் பாதுகாப்பு மாநாட்டுல, ஆளும் வண்டியும் கலந்து நடமாடுற இடத்துல 30க்கு மேல கூடாதுன்னு தீர்மானம் போட்டாங்க. ஹெல்சின்கியில பெரும்பாலான தெருவுக்கு 30 தான், 2019ல அங்க நடந்து போன ஒருத்தர் கூட வண்டி மோதி சாகல, ஒரு தலைநகரத்துல!

போர்டுல 30னு எழுதி இருந்தா போதாது. தெருவே வண்டியை மெதுவாக்கணும். வளைவு இருக்கா, திருப்பத்துல முனை கூர்மையா இருக்கா, ரெண்டு மெயின் ரோட்டை இணைக்கிற குறுக்கு வழியா இந்தத் தெருவை யூஸ் பண்றாங்களா, இதைத்தான் பாக்கணும். மேப்ல நேரா ஒரு கோடு ரெண்டு பெரிய ரோட்டையும் தொட்டா, காலையில ஆபீஸ் நேரத்துல அந்தத் தெரு வழியா எல்லாரும் பறப்பாங்க.

கடைசிபெஞ்ச்

நான் வளர்ந்ததே ஊருக்கு வெளிய ஒரு பெரிய கேம்பஸ்ல தான், அதனால குழந்தை பக்கத்துல இருந்து சொல்றேன். பத்து வயசு வரைக்கும் அதை மாதிரி இடம் கிடைக்காது, ஸ்கூல் விட்டு வந்தா இருட்டுற வரைக்கும் வெளிய தான், பேரு சொல்லி கூப்பிட்டா தான் வீட்டுக்கு வருவோம். பதிமூணு வயசுக்கு மேல கதை மாறிடுச்சு. லைப்ரரி போகணுமா, அப்பாவைக் கேக்கணும். ஃபிரெண்ட் வீட்டுக்குப் போகணுமா, அம்மாவைக் கேக்கணும். கிளாஸ் முடிஞ்சு ஏதாவது போட்டிக்கு நிக்கணும்னா வண்டி யாரு அனுப்புவாங்கன்னு வீட்ல பஞ்சாயத்து. என் கூட படிச்சவன் ஒருத்தன் ஊருக்குள்ள இருந்தான், அவன் பஸ்ல ஏறி எங்க வேணாலும் போவான், எனக்கு அது அவ்ளோ ஏக்கமா இருக்கும். உங்க பொண்ணுக்கு இப்ப ஏழு, இன்னும் ஆறு வருஷம் தான், லோன் அதுக்கப்புறமும் ஓடும்.

மூணாவதுமாடி

இவர் சொல்றது அப்படியே என் வீட்டு நிலைமை. ஒரு டீனேஜர் இருந்தா பெத்தவங்கள்ல ஒருத்தருக்கு டிரைவர் வேலை தான்.

சாக்பீஸ்

அக்கா, நான் டீச்சர். ஏரியா தேடுறப்ப எல்லாரும் முதல்ல ஸ்கூல் ரேங்க் தான் பாக்குறாங்க, நான் ரேங்க்கை விட வேற ரெண்டு விஷயம் பாக்கச் சொல்வேன்.

முதல்ல, ஸ்கூல் விடுற நேரத்துக்கு அந்த கேட் வாசல்ல போய் நில்லுங்க, வேலை நாள்ல. எத்தனை பசங்க நடந்து போறாங்க, எத்தனை பேர் தாத்தா பாட்டி கையைப் புடிச்சிட்டுப் போறாங்க, எத்தனை பேர் காருக்குள்ள ஏறுறாங்கன்னு பாருங்க. நடந்து போற பசங்க கூட்டம் கூட்டமா பேசிட்டுப் போனா அந்த ஏரியாவுல குடும்பங்க நிலைச்சு இருக்காங்கன்னு அர்த்தம், பெத்தவங்க அந்த ரோட்டை நம்புறாங்கன்னு அர்த்தம். இது எந்த வெப்சைட்லயும் கிடைக்காது. ஜப்பான்ல பல ஊர்ல ஆரம்பப் பள்ளி பசங்க தெருவாரியா குழு சேந்து நடந்தே ஸ்கூலுக்குப் போறாங்க, பெரிய கிளாஸ் பிள்ளை முன்னாடி, குட்டிங்க பின்னாடி.

அடுத்தது, ஏரியா குழந்தையோட எதிர்காலத்தை மாத்துமான்னு கேட்டா, மாத்தும். அமெரிக்காவுல 1994ல அஞ்சு நகரத்துல ஒரு சோதனைத் திட்டம் ஆரம்பிச்சாங்க, வறுமை மிகுந்த ஏரியாவுல இருந்த குடும்பங்களுக்கு குலுக்கல் போட்டு, வறுமை கம்மியான ஏரியாவுக்கு மாற வாடகை உதவி குடுத்தாங்க. ராஜ் செட்டிங்கிற பொருளாதாரப் பேராசிரியரும் கூட்டாளிகளும் பல வருஷம் கழிச்சு அந்தப் பசங்களைத் தேடி எடுத்து கணக்கு பாத்தாங்க, 13 வயசுக்கு முன்னாடி மாறுன பிள்ளைங்க இருபதுகளோட நடுவுல சுமார் 31 சதவீதம் கூட சம்பாதிச்சாங்க. அதுக்கு மேல வயசுல மாறுன பசங்களுக்கு அந்த லாபம் கிடைக்கல. அது வறுமையைப் பத்தின ஆராய்ச்சி, உங்க ரெண்டு இடத்துக்கும் அதை அப்படியே பொருத்த முடியாது. ஆனா ஒண்ணு தெளிவா தெரியுது, சின்ன வயசுல ஒரு இடத்துல எத்தனை வருஷம் வளர்றாங்கங்கிறது கணக்குல வருது. அதனால "அப்புறம் மாறிக்கலாம்"னு தள்ளிப் போடாதீங்க, உங்க பையனுக்கு மூணு வயசு, இது தான் நேரம்.

ஈஎம்ஐ_வாழ்க்கை

எல்லாரும் ஒரே பக்கமா பேசுறீங்க. காத்தைப் பத்தி யாரும் பேசலையே? ஊர் நடுவுல மெயின் ரோட்ல மூணு வயசுக் குழந்தையை வெச்சுக்கிட்டு புகையில வாழச் சொல்றீங்களா? வெளிய போனா நல்ல காத்தாவது கிடைக்கும்.

நடராஜா_சர்வீஸ்

காத்து விஷயத்துல உங்க கூட முழுசா ஒத்துப் போறேன், மெயின் ரோட்டைப் பாத்த ஃபிளாட்டை நானும் வாங்க வேணாம்னு தான் சொல்லிட்டு இருக்கேன். ஆனா அந்த கேட்டட் கம்யூனிட்டி ஹைவே ஓரத்துலன்னு அவங்களே எழுதி இருக்காங்க, கவனிச்சீங்களா? கலிஃபோர்னியாவோட காற்று வாரியம் 2005லயே சொன்னது, வண்டி நிறைய ஓடுற ஹைவேல இருந்து 500 அடிக்குள்ள, அதாவது சுமார் 150 மீட்டருக்குள்ள புதுசா வீடோ ஸ்கூலோ கட்டுறதைத் தவிர்க்கணும்னு. புகை பகல்ல தூரம் போகப் போக சட்டுனு குறையும், சில நூறு மீட்டர் தாண்டுனா பெரும்பாலும் ஊர் பூரா இருக்குற அளவுக்கு வந்துடும். அதனால ஊருக்கு வெளியவா உள்ளவான்னு பாக்குறதை விட, கிட்ட இருக்குற பெரிய ரோட்டுக்கும் உங்க ஜன்னலுக்கும் எத்தனை மீட்டர்னு அளந்து பாருங்க. உலக சுகாதார நிறுவனம் 2021ல நுண்துகளுக்கு (பிஎம் 2.5) வருஷ சராசரி கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராம்னு வரம்பு குறைச்சுடுச்சு, ஏறக்குறைய எந்தப் பெரிய நகரமும் அதுக்குள்ள இல்ல, அதனால ஊர் அளவுல நம்மால தப்பிக்க முடியாது, தெரு அளவுல கொஞ்சம் தப்பிக்கலாம்.

இரவு_ஷிஃப்ட்

நைட் டூட்டி பாக்குறவன்ங்கிறதால சொல்றேன், வீட்டை ராத்திரி போய் பாருங்க. சனிக்கிழமை ராத்திரி பதினோரு மணி, வேலை நாள் காலையில ஆறு மணி. புரோக்கர் எப்பவும் மத்தியானம் ரெண்டு மணிக்குத்தான் கூட்டிட்டுப் போவார், அப்ப எந்தத் தெருவும் அமைதியாத்தான் இருக்கும். பெட்ரூம் ஜன்னலைத் திறந்து வெச்சு கொஞ்ச நேரம் சும்மா உக்காருங்க. ஃபோன்ல சத்தம் அளக்குற ஆப் இருக்கு, துல்லியமா இருக்காது, ஆனா ரெண்டு இடத்தை ஒப்பிட போதும். 10 டெசிபல் கூடுனா நம்ம காதுக்கு ஏறக்குறைய டபுள் சத்தம். ராத்திரி ரோட்டு சத்தம் சராசரியா 45 டெசிபலுக்குக் கீழ இருக்கணும்னு உலக சுகாதார நிறுவனம் 2018ல ஐரோப்பாவுக்கு பரிந்துரை குடுத்திருக்கு. பின்பக்க ஜன்னல் பெட்ரூமா இருந்தா நிறைய தப்பிக்கலாம். ஜெனரேட்டர் எங்க வெச்சிருக்காங்கன்னும் பாருங்க.

மழைமானி

எல்லாம் சரி, தண்ணி யாரு பாத்தது? நான் வடிகால் வேலை பாக்குற சிவில் இன்ஜினியர். "நூறு வருஷத்துக்கு ஒரு தடவை வர்ற வெள்ளம்"னு சொன்னா எல்லாரும் நம்ம காலத்துல வராதுன்னு நினைச்சுக்குறாங்க. அதுக்கு அர்த்தம் ஒவ்வொரு வருஷமும் 1 சதவீத வாய்ப்புன்னு. 30 வருஷ லோன் எடுத்தா, லோன் முடியுறதுக்குள்ள ஒரு தடவையாவது வர்றதுக்கு 26 சதவீதம், நாலுல ஒண்ணு. 20 வருஷத்துக்கே 18 வரும்.

புது கேட்டட் கம்யூனிட்டில கேக்க வேண்டியது, அந்த நிலம் கட்டுறதுக்கு முன்னாடி என்னவா இருந்தது. பழைய சாட்டிலைட் படம் இலவசமா பாக்கலாம், வருஷத்தைப் பின்னாடி நகர்த்திக்கிட்டே போங்க, மழைக்கால படத்துல அங்க தண்ணி தெரிஞ்சா அது தண்ணியோட இடம், எத்தனை அடி மண்ணு கொட்டி உயர்த்துனாலும் சரி. மண்ணு கொட்டி கேம்பஸை உயர்த்திட்டா உள்ள நிக்காது, ஆனா கேட்டுக்கு வெளிய ரோட்ல நிக்கும், அப்ப நீங்க தீவுல இருப்பீங்க, ஆம்புலன்ஸ் வராது. பழைய ஏரியாவுல கேக்க வேண்டியது வேற, தரைத்தள வீட்டுக்காரங்கள்ட்ட பேசுங்க, வாசப்படியை எப்ப உயர்த்துனீங்கன்னு கேளுங்க. ரோட்டுக்கு மேல ரோடு போட்டுப் போட்டு வீடெல்லாம் பள்ளத்துல போயிருக்கும். காம்பவுண்ட் சுவர்ல ஈரக் கோடு, புதுசா கால் உயரத்துக்கு மட்டும் பெயின்ட், மீட்டர் பாக்ஸை மேல மாத்தி வெச்ச தடம், இதெல்லாம் வாய் திறந்து பேசும். ஒரு நல்ல மழை நாள்ல ரெண்டு இடத்துக்கும் போயிட்டு வாங்க, அதுக்கு மேல ஒரு ரிப்போர்ட்டும் வேணாம்.

ரெண்டுவால்_அப்பா

வணக்கம். ரெண்டுவால்_அம்மாவோட வீட்டுக்காரர் நான் தான், இழையை முழுசா படிச்சேன். என் பக்கத்தையும் சொல்லிடுறேன். எனக்கு நீச்சல் குளம் வேணும்னு இல்ல. பையன் ஒரு இடத்துல நிக்க மாட்டான், கையை உதறிட்டு ஓடுவான். கேட்டுக்குள்ள இருந்தா ஓடுனாலும் எங்கயும் போக முடியாதுங்கிற ஒரு நிம்மதி, அதுக்காகத்தான் சொன்னேன். ஆபீஸ் தூரம் எனக்கு கூடும், அது பரவாயில்ல, குடும்பத்துக்காக அது கூட பண்ண மாட்டேனா.

நடராஜா_சர்வீஸ்

வாங்க சார், நீங்களே வந்தது ரொம்ப சந்தோஷம். உங்க பயம் நூத்துக்கு நூறு நியாயம், அதை யாரும் லேசா எடுத்துக்கக் கூடாது. மூணு வயசுக் குழந்தையோட உயரம் சுமார் 95 செ.மீ. நிறுத்தி வெச்ச காருக்குப் பின்னாடி அவன் நின்னா டிரைவருக்கு அவன் தலை கூட தெரியாது, அவனுக்கும் வர்ற வண்டி தெரியாது. வான் லீர் அறக்கட்டளை அந்த உயரத்தையே பேரா வெச்சு "அர்பன் 95"னு ஒரு திட்டம் நடத்துறாங்க, 95 செ.மீ. உயரத்துல இருந்து பாத்தா உங்க ஊர் எப்படி இருக்கும்னு மேயர்கள்ட்ட கேக்குறாங்க. நீங்களும் ஒரு தடவை அந்தத் தெருவுல முட்டி போட்டு உக்காந்து பாருங்க, கூச்சப்படாதீங்க.

ஆனா ரெண்டு விஷயம் சொல்லியாகணும். மூணு வயசுக்கு கேட் உதவும், ஆனா ஏழு வயசுக்கு ரோடு கடக்கத் தெரியணும், பன்னெண்டு வயசுக்கு பஸ் ஏறத் தெரியணும், அதைக் கத்துக்க ஒரு சாதுவான தெரு வேணும். நெதர்லாந்துல டெல்ஃப்ட் ஊர்ல தெருவுல செடித்தொட்டி, திருப்பம், உக்கார இடம் எல்லாம் வெச்சு, வண்டி நடை வேகத்துல தான் போக முடியும்னு ஆக்குனாங்க, 1976ல அதை நாட்டுச் சட்டமாவே கொண்டு வந்தாங்க. கேட் போடாமலே தெருவை குழந்தைக்கு குடுக்கலாம்னு காட்டுன ஊர் அது.

இன்னொண்ணு, உங்க ஆபீஸ் தூரம். ஸ்டட்சர், ஃப்ரேனு ரெண்டு பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் ஜெர்மனி மக்கள்கிட்ட வருஷா வருஷம் எடுத்த தகவலை வெச்சுப் பாத்தாங்க. தூரமா போய் வர்றவங்களுக்கு சம்பளமோ பெரிய வீடோ அந்தக் கஷ்டத்தை ஈடு கட்டியிருக்கணும், ஆனா அவங்க மன நிறைவு கம்மியாத்தான் இருந்தது. வீட்டோட அளவு கொஞ்ச நாள்ல பழகிடும், டிராஃபிக் பழகவே பழகாது. தினம் கூடுதலா போற அந்த நேரம் பையன் முழிச்சிருக்குற நேரம் சார்.

ரெண்டுவால்_அப்பா

கடைசி வரி யோசிக்க வைக்குது. சரி, ஊருக்குள்ளயே உள்தெருவுல தேடிப் பாக்குறோம், அதுக்கு நான் தடை சொல்லல.

சக்கரநாற்காலி

மாமியாரை எல்லாரும் மறந்துட்டீங்க. பதினஞ்சு வருஷமா வீல்சேர்ல இருக்கேன், ஒரு ஏரியாவை அரை மணி நேரத்துல எடை போட்டுடுவேன். பிளாட்பாரம் இருக்கான்னு மட்டும் பாத்தா பத்தாது, எத்தனை தடவை இறங்கி ஏறணும்னு பாருங்க. ஒவ்வொரு வீட்டு கார் கேட்டுக்கும் பிளாட்பாரத்தை சரிவா வெட்டி விட்டிருந்தா முட்டி வலிக்காரங்க அதுல நடக்கவே மாட்டாங்க, ரோட்ல தான் நடப்பாங்க. நடுவுல டிரான்ஸ்ஃபார்மர், கேபிள் பெட்டி, பைக். ஸ்ட்ரோலர் தள்ளுறவங்களுக்கும் இதே கதை தான், எனக்குத் தடையா இருக்குறது எல்லாம் உங்க பையனுக்கும் தடை.

அடுத்தது உக்கார இடம். பார்க் வரைக்கும் அரை கிலோமீட்டர்னா நடுவுல ரெண்டு மூணு இடத்துல உக்கார திண்ணையோ பெஞ்சோ மரத்தடி மேடையோ இருக்கணும். இல்லன்னா முதல் மாசம் போவாங்க, அப்புறம் "இன்னைக்கு வேணாம்மா"ன்னு ஆரம்பிச்சு வீட்டோட நின்னுடுவாங்க. சிக்னல்ல பச்சை விழுந்தா அவங்க வேகத்துக்கு மறுபக்கம் போய் சேர முடியுதா? பார்க்ல திறந்திருக்குற கழிப்பறை இருக்கா? இது சின்ன விஷயம் இல்ல, வயசானவங்க வெளிய போறதையே இது தான் முடிவு பண்ணும். மாமியாரை ஒரு தடவை கூட்டிட்டுப் போய் நடக்க விடுங்க, வாங்குறதுக்கு முன்னாடி.

சாக்பீஸ்

இவங்க சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். பொண்ணையும் கூட்டிட்டுப் போங்க, அவ வழி காட்டட்டும்.

ரெண்டுவால்_அம்மா

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, சொன்னதை எல்லாம் செஞ்சு பாத்தோம், விவரமா எழுதுறேன்.

மழை நாள்ல முதல் இடத்துக்குப் போனோம். உள்ள ஒரு சொட்டு நிக்கல. ஆனா மழைமானி அண்ணா சொன்ன மாதிரியே, ஹைவே சர்வீஸ் ரோட்டுல இருந்து கேட்டுக்குத் திரும்புற இடத்துல பைக் சைலன்சர் மூழ்குற அளவுக்கு தண்ணி, உள்ள போறவங்க எல்லாம் வண்டியைத் தள்ளிட்டுப் போனாங்க. வாட்ச்மேன் தான் சொன்னார், ஒவ்வொரு பெரிய மழைக்கும் இப்படித்தான்னு. வீட்டுக்காரர் ஒண்ணும் பேசல, ஆனா அவரே இறங்கி ஃபோட்டோ எடுத்துக்கிட்டார்.

அப்புறம் பழைய ஏரியா, மெயின் ரோட்ல இருந்து மூணு தெரு உள்ள, ஒரு ஃபிளாட் விலைக்கு வந்திருக்கு. ரெண்டரை பெட்ரூம்னு சொல்றாங்க, அந்த அரை ரூம் ஒரு கட்டிலும் மேஜையும் போடுற அளவு, பொண்ணுக்குப் போதும். தெரு ஒரு பக்கம் பார்க் சுவர்ல முட்டி நிக்குது, அதனால குறுக்கு வழியா யாரும் வர மாட்டாங்க. ஸ்கூலுக்கு பொண்ணை முன்னாடி விட்டு நாங்க பின்னாடி போனோம். முதல் திருப்பம் வரைக்கும் தையக்கடை அக்கா, அயர்ன் வண்டிக்காரர்னு வாசல்ல ஆளுங்க இருக்காங்க, அவ தைரியமா போனா. ரெண்டாவது முனையில நின்னுட்டா. ஒரு வேன் முனையை அடைச்சு நிறுத்தி இருந்துச்சு, அதுக்கு அந்தப் பக்கம் என்ன வருதுன்னு அவளுக்குத் தெரியல. நான் அவ பக்கத்துல குனிஞ்சு பாத்தேன், எனக்கும் ஒண்ணும் தெரியல, வேனோட டயரும் அடியில கொஞ்சம் ரோடும் தான் தெரிஞ்சுது. நிமிந்து நின்னா எல்லாம் தெரியுது! அந்த வேன் தினமும் அங்க தான் நிக்குமாம். அது ஒண்ணு தான் இப்ப எனக்குப் பெரிய உறுத்தல்.

மாமியார் பார்க் வரைக்கும் நடந்தாங்க, நடுவுல ஒரு வீட்டுத் திண்ணையில உக்காந்தாங்க, அந்த வீட்டு அம்மா வெளிய வந்து பேச ஆரம்பிச்சுட்டாங்க, அவங்களை அங்கிருந்து கிளப்புறதே பெரும்பாடா போச்சு.

நடராஜா_சர்வீஸ்

அருமை. முனையில நிக்கிற வேன் சரி பண்ணக் கூடிய விஷயம். திருப்பத்துல இருந்து சில மீட்டருக்கு வண்டி நிறுத்தக் கூடாதுன்னு பெரும்பாலான ஊர்ல விதியே உண்டு. ஸ்கூல் பெத்தவங்க நாலு பேர் சேந்து எழுதிக் குடுத்தா முனையில குட்டைக் கம்பமோ செடித்தொட்டியோ வைக்க வெச்சுடலாம். ஹைவே ஓரத்துல இருக்குற இடத்தை அப்படி சரி பண்ண முடியாது.

இன்னொண்ணு பாத்துடுங்க, அந்த ஊரோட மாஸ்டர் பிளான், அதாவது எங்க ரோடு, எங்க வீடு, எங்க கடைன்னு அரசு போட்டு வெச்ச வரைபடம். உங்க தெரு பார்க் சுவர்ல முட்டுதுன்னு சொன்னீங்க, அந்த வழியா புது ரோடு போட திட்டக் கோடு இருக்கான்னு பாக்கணும். பக்கத்து காலி மனை எந்த வகைன்னும் பாருங்க, வணிகப் பயன்பாடுன்னு இருந்தா நாளைக்கு அங்க என்ன வேணா வரலாம்.

ஈஎம்ஐ_வாழ்க்கை

நான் இன்னமும் புது பில்டிங் பக்கம் தான், ஆனா அந்தத் தண்ணி விஷயம் கேட்டப்புறம் அந்த இடத்தை நானும் சொல்ல மாட்டேன். பழைய ஃபிளாட்னா அசோசியேஷன் கணக்கு புத்தகத்தைக் கேளுங்க. ரிப்பேருக்கு தனியா நிதி சேத்து வெச்சிருக்காங்களா, யாரெல்லாம் மெயின்டனன்ஸ் பாக்கி, லிஃப்ட் எப்ப மாத்துனாங்க. கணக்கு காட்டத் தயங்குனா அந்த பில்டிங் வேணாம். கூரை, தூண், பைப் மூணையும் ஒரு இன்ஜினியரை விட்டுப் பாக்கச் சொல்லுங்க, அட்வான்ஸ் குடுக்குறதுக்கு முன்னாடி.

கடைசிபெஞ்ச்

பஸ் ஸ்டாப் எவ்ளோ தூரம்? ராத்திரி எட்டு மணிக்கு மேல பஸ் வருதா, அந்த வழியில லைட் எரியுதா? பொண்ணு பெரியவளானா அது தான் வேணும்.

ரெண்டுவால்_அம்மா

பஸ் ஸ்டாப் மெயின் ரோட்ல, மூணு தெரு நடக்கணும். ராத்திரி போய் பாத்தோம், லைட் எரியுது, ஒரு சந்து மட்டும் இருட்டு, அதை விட்டு சுத்திப் போனாலும் தூரம் ஒண்ணு தான். கணக்கு புத்தகம் காட்டிட்டாங்க, ரிப்பேர் நிதி இருக்கு, ரெண்டு வீடு பாக்கி. மாஸ்டர் பிளான்ல தெருவுக்குள்ள புது ரோடு எதுவும் இல்ல. மூணாவது தெரு ஃபிளாட்டையே எடுக்குறதுன்னு வீட்ல பேசி முடிச்சாச்சு, இன்ஜினியர் வந்து பாத்து ஓகே சொன்னா அட்வான்ஸ். மழைமானி அண்ணா, ஒரு கேள்வி பாக்கி இருக்கு. தரைத்தளத்துல பம்ப்பும் நிலத்தடி தண்ணித் தொட்டியும் இருக்கு, தொட்டி மூடி ரோட்டு மட்டத்துக்கே இருக்கு, இது பிரச்சனையா?

மழைமானி

ஆமாம்மா, அதை இன்ஜினியர்கிட்ட மறக்காம காட்டுங்க. ரோட்டு மட்டத்துல மூடி இருந்தா மழைத்தண்ணியும் சாக்கடைத் தண்ணியும் குடிக்கிற தண்ணியோட கலக்கும். மூடியைச் சுத்தி ரோட்டை விட ஒன்றரை அடிக்குக் குறையாம கட்டி உயர்த்தி, தண்ணி புகாத மூடி போடச் சொல்லுங்க, பம்ப் மோட்டாரையும் சுவிட்ச் போர்டையும் அதை விட மேல ஏத்தணும். அசோசியேஷன் நிதியிலயே முடிக்கிற வேலை தான், பத்திரம் பதியுறதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கிடுங்க.